தாய் கிரீன் கறி சமைத்தால் ஆங்கிலம் வாயில் வருமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.காம் முடித்து, திருமணமாகி மெல்போர்ன் வந்திருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் வாசித்தால் புரிகிறது. பேச வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை. தாய்லாந்து நாட்டுக் குழம்பான தாய் கிரீன் கறியின் செய்முறை ஒன்றை ஆங்கிலத்திலேயே படித்துச் சமைத்துப் பழகினால் சொல்வளம் கூடும் என்று தோழி ஒருவர் சொல்லியிருக்கிறார். அது நடக்குமா, நீங்கள் சைவம் என்பதால் அந்தக் கறி ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்கச் சமையல் கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் உங்களை உறுத்துவது, கண்ணால் பார்த்தால் தெரிகிற சொல் பேசும்போது ஏன் நாக்குக்கு வர மறுக்கிறது என்பதுதான். பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுப்பது பல வருடமாக என் தொழில், அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன். தோழி சொன்னது சரி. ஆனால் செய்முறையைப் பார்த்துப் பார்த்துச் சமைத்தால் மட்டும் கறிதான் நன்றாக வரும். ஆங்கிலமும் வர வேண்டுமென்றால் சமைக்கும்போதும் சமைத்து முடித்த பிறகும் உங்கள் வாய் வேலை செய்ய வேண்டும்.

முதலில், ஏன் தாய் கறி? சாம்பார் செய்முறையை ஆங்கிலத்தில் படித்தால் ஒரு சொல்கூடப் புதிதாக ஒட்டாது. பருப்பை எப்போது கடைவது, புளியை எப்போது ஊற்றுவது என்று கைக்கே தெரியும். தெரியாத சொல் வந்தாலும் கண் தாண்டிப் போய்விடும், ஏனென்றால் அந்தச் சொல்லின் தயவு உங்களுக்குத் தேவையில்லை. முற்றிலும் அந்நியமான சமையல் என்றாலும் சிக்கல்தான். சூழலை வைத்து எதையும் ஊகிக்க முடியாமல் வரிக்கு வரி அகராதியைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள். தாய் கறி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தேங்காய்ப்பால், பூண்டு, மல்லி, சீரகம், பச்சை மிளகாய் எல்லாம் நம் வீட்டுச் சாமான்கள். செய்யும் விதம் மட்டும் வேறு. நம் பழக்கத்துக்கு நேர் எதிராகப் போகிற ஓர் இடமும் அதில் உண்டு. நான் அந்த இடத்தில்தான் பாடத்தையே தொடங்குவேன்.

திருநெல்வேலிச் சொதியை நினைத்துப் பாருங்கள். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருவதற்கு முன்னால் இறக்கிவிடுவோம், இல்லாவிட்டால் திரிந்துபோகும். தாய் கிரீன் கறியில் முதல் பாலே முதலில் சட்டிக்குள் போகிறது. தேங்காய்ப்பால் டின்னைக் குலுக்காமல் திறந்து, மேலே கெட்டியாக நிற்பதை மட்டும் வழித்துப் போட்டு, நாம் பயப்படுகிற அந்தத் திரிதல் நடக்கும்வரை சூடாக்குகிறார்கள். ஆங்கிலச் செய்முறைகளில் இதற்கு ‘க்ராக் த கோகனட் க்ரீம்’ என்றோ, ‘அன்டில் தி ஆயில் செபரேட்ஸ்’ என்றோ இருக்கும். வெள்ளைக் குழம்பாக இருந்தது மெல்லத் தளதளத்து, ஓரங்களில் பளபளவென்று எண்ணெய்ப் பொட்டுகள் தெரிய ஆரம்பிக்கும். அப்போதுதான் மிளகாயும் எலுமிச்சைப் புல்லும் சேர்த்து அரைத்த பச்சை விழுதைப் போட்டு அந்த எண்ணெயிலேயே வதக்க வேண்டும். நம் சமையல் குறிப்புகளில் ‘எண்ணெய் பிரிந்து வரும்வரை’ என்று எழுதுவோமே, அதுவேதான் ‘செபரேட்’. இங்கே கையின் பழக்கத்தை நம்பினால் கறி கெடும். எழுதியிருக்கிற சொல்லை நம்பித்தான் ஆக வேண்டும். அப்படி நம்பிச் செய்து கண்ணால் பார்த்த சொல் எளிதில் மறப்பதில்லை. (டின் வாங்கும்போது தேங்காயும் தண்ணீரும் மட்டும் சேர்த்ததாகப் பார்த்து வாங்குங்கள். கெட்டிப்படுத்தும் பொருள்கள் கலந்த பால் லேசில் பிரியாது. அப்படிப்பட்ட பால்தான் கிடைத்தது என்றால் ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்த்துச் சமாளிக்கலாம்.)

இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் உண்டா என்றால், உண்டு. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் பால் சீட்ஹவுஸ் என்ற மொழியியல் பேராசிரியரும் கணினித் துறைக்காரர்களும் சேர்ந்து, பிரெஞ்சு கற்பவர்களுக்காக ஒரு டிஜிட்டல் சமையலறையை உருவாக்கினார்கள். கத்தியிலும் கரண்டியிலும் அசைவை உணரும் சென்சார்களைப் பொருத்தியிருந்தார்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சமையலறையே பிரெஞ்சில் சொல்லும். நீங்கள் செய்தீர்களா என்று கவனிக்கும். புரியவில்லை என்றால் திரும்பச் சொல்லும். பிறகு வேறு ஐரோப்பிய மொழிகளுக்கும் கொரிய மொழிக்கும் இதை விரித்தார்கள். கொரிய மொழிச் சோதனையில், பொருள்களைக் கையில் எடுத்துச் சமைத்தவர்கள், வகுப்பறையில் படம் பார்த்துப் படித்தவர்களைவிட அதிகச் சொற்களை நினைவில் வைத்திருந்தார்கள். இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, 1960களில், ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர், கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்து காட்டியபடி மொழி கற்கும் முறையை முன்வைத்தார். ஆக, கையும் சொல்லும் சேர்ந்தால் நினைவுக்கு நல்லது என்பதைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் இந்தச் சமையலறைச் சோதனைகளில் பங்கெடுத்தவர்கள் குறைவு. கூடவே திருத்திச் சொல்ல ஓர் ஏற்பாடும் இருந்தது. வீட்டில் தனியாகச் சமைப்பவருக்கும் அதே அளவு பலன் கிடைக்கும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். எலுமிச்சைப் புல்லின் வாசனை சொல்லையும் சேர்த்துப் பதிய வைக்கும் என்று சிலர் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. அதை நம்பி நான் பாடம் அமைப்பதில்லை.

என் மாணவர்கள் பலரும் முதலில் பொருள்களின் பெயரைத்தான் பட்டியல் போடுவார்கள். அது வேண்டாம் என்பேன். ‘கலங்கல்’ என்ற கிழங்கின் பெயர் தெரிந்து உங்களுக்கு வேறெங்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. அது நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் பேரரத்தைதான், தெரிந்துகொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள். நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது வினைச்சொற்களை. சமையலறையை விட்டு வெளியிலும் நடமாடுகிறவை அவைதான். எலுமிச்சைப் புல்லை ‘ப்ரூஸ்’ செய்யச் சொல்வார்கள். கத்தியின் பின்பக்கத்தாலோ குழவியாலோ நார் விட்டுக்கொடுக்கும்படி ஒரு தட்டு. இஞ்சியைத் தட்டிப் போடுவது என்கிறோமே, அதேதான். நாளைக்குக் குழந்தை விழுந்து முழங்காலில் ரத்தம் கட்டி நீலம் பாய்ந்தால் மருத்துவர் சொல்லப்போவதும் ‘ப்ரூஸ்’ என்றுதான். கத்தரிக்காய் ‘டெண்டர்’ ஆகும்வரை வேகட்டும் என்று செய்முறையில் இருக்கும்; குழைந்துபோகாமல் மெத்தென்று வேக வேண்டும். அதே மருத்துவர் முழங்காலை லேசாக அழுத்தி ‘இஸ் இட் டெண்டர்?’ என்று கேட்டால், தொட்டால் வலிக்கிறதா என்று அர்த்தம். ‘ரெட்யூஸ்’ என்றால் விலையைக் குறைப்பது என்று மட்டும் தெரிந்திருப்பீர்கள். அடுப்பில் அது குழம்பைச் சுண்ட விடுவது.

‘சிம்மர்’ என்ற சொல் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். நம் ஊர் கேஸ் அடுப்பின் திருகில் ‘சிம்’ என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பார்த்து, ‘சிம்மில் வை’ என்றால் தீயைக் குறைத்து வை என்று பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் அது தீயின் அளவு அல்ல, குழம்பின் நிலை. கொதித்துப் பொங்காமல் சின்னச் சின்னக் குமிழ்கள் எழுந்து உடைவதுதான் ‘சிம்மர்’. அகலமான சட்டி நிறையக் குழம்பு இருந்தால் ‘சிம்மர்’ ஆவதற்குத் தீயைக் கொஞ்சம் கூட்டக்கூட வேண்டியிருக்கும். உங்கள் வீட்டில் மின்சார அடுப்போ இண்டக்‌ஷனோ இருந்தால் தீயே கிடையாது. அங்கே ‘டர்ன் த ஹீட் டவுன்’ என்றுதான் சொல்வார்கள், ‘ஃப்ளேம்’ வராது. இதே ‘சிம்மர்’ செய்தித்தாளில், வெடிக்காமல் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருக்கும் சண்டைக்கும் வரும். குமிழியைப் பார்த்தவருக்கு அந்தத் தலைப்பு சட்டென்று புரியும்.

இன்னொன்று, ‘ஃப்ரை அன்டில் ஃப்ரேக்ரன்ட்’. விழுதை வதக்கும் இடத்தில் தவறாமல் வரும். இந்த இடத்தில் நாம் ‘பச்சை வாசனை போகும்வரை’ என்போம். அவர்கள் வரப்போகும் மணத்தைச் சொல்கிறார்கள், நாம் போக வேண்டிய வாசனையைச் சொல்கிறோம். நடைமுறையில் ஏறக்குறைய ஒரே நேரம்தான். ஆனால் தமிழில் யோசித்து, ‘பச்சை வாசனை’யை அப்படியே ஆங்கிலமாக்கி ‘க்ரீன் ஸ்மெல்’ என்று சொன்னால் எதிரில் நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது. அந்தச் சட்டியின் முன்னால் நின்று மூன்று சொல்லையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ‘ஃப்ரேக்ரன்ட்’ என்பதைத் தனியாக நோட்டில் எழுதி எதிரே ‘மணமான’ என்று போடுவதால் பேச்சு வராது. சொற்கள் ஜோடி ஜோடியாகத்தான் பேச்சில் வருகின்றன.

அதனால்தான் சொல்கிறேன், வெட்டுவது தொடர்பான ‘சாப்’, ‘ஸ்லைஸ்’, ‘டைஸ்’, ‘மின்ஸ்’, ‘க்ரேட்’ எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக ஒரே நாளில் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரே வகைச் சொற்களைக் கூட்டமாகப் படித்தால் ஒன்றோடொன்று குழம்பி, படிக்க நேரமும் கூடும் என்பதை 1990களில் டிங்கம், வேரிங் என்ற மொழி ஆய்வாளர்களின் சோதனைகள் காட்டின. பள்ளியில் நமக்கு நிறங்களையும் பழங்களையும் பட்டியலாகச் சொல்லிக்கொடுத்ததற்கு நேர்மாறான விஷயம் இது. சமையலில் இந்தச் சிக்கல் தானாகத் தீர்கிறது, ஒவ்வொரு வினைக்கும் ஒரு பொருள் துணை இருப்பதால். ‘ஸ்லைஸ் த ஷேலட்ஸ்’, சின்ன வெங்காயத்தை வில்லை வில்லையாக. ‘சாப் த கோரியாண்டர்’, மல்லியை நறுக்கிப் போட. ‘டேர் த லைம் லீவ்ஸ்’, இலையைக் கையால் கிழிக்க. ஒரு தடவைக்கு எட்டு, பத்து ஜோடி போதும். அதற்கு மேல் வரும் தெரியாத சொற்களை அர்த்தம் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

பெயர்ச்சொற்களில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான், பெரும்பாலும் நம் இந்திய ஆங்கிலம் தடுக்கி விழும் இடங்கள். ‘பிரிஞ்சால்’ என்று கேட்டால் ஆஸ்திரேலியக் கடைக்காரருக்குப் புரியாமல் போகலாம். அங்கே அது ‘எக்ப்ளாண்ட்’. தாய் கறியில் போடும் பட்டாணி அளவுக் காய் ‘பீ எக்ப்ளாண்ட்’. கையில் எடுத்துப் பார்த்தால் நம் சுண்டைக்காய். நாம் ‘லெமன்’ என்று சொல்லும் சின்ன எலுமிச்சை அங்கே ‘லைம்’; ‘லெமன்’ கேட்டால் பெரிய மஞ்சள் பழத்தைக் கொடுப்பார்கள். குழம்பை ‘கிரேவி’ என்பதையும் விட்டுவிடுங்கள், அங்கே அது சுட்ட இறைச்சிக்கு ஊற்றும் பழுப்பு நிறச் சாறு. கறியின் குழம்பை ‘சாஸ்’ என்றே சொல்லலாம். ‘பேசில்’ என்று அமெரிக்க வீடியோவில் கேட்டிருப்பீர்கள். உங்கள் ஊரில் ‘பாஸில்’ என்பதற்கு நெருக்கமாக, ‘ஸ்’ அதிர்ந்து ஒலிக்கும். தாய் பாஸில் நம் திருநீற்றுப் பச்சிலையின் இனம், துளசி அல்ல. ‘காஃபிர் லைம்’ என்று பழைய செய்முறைகளில் இருக்கும் இலையை ‘மக்ருட் லைம்’ என்று சொல்லிப் பழகுங்கள். முதல் பெயர் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசைச்சொல், அதனால் பலரும் அதைக் கைவிட்டு வருகிறார்கள். அப்புறம், ஆஸ்திரேலிய ‘டேபிள்ஸ்பூன்’ 20 மில்லி. மற்ற பெரும்பாலான நாடுகளில் 15. அமெரிக்கச் செய்முறையில் இரண்டு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ் என்று இருந்து, உங்கள் ஊர் அளவுக் கரண்டியில் ஊற்றினால் உப்பு தூக்கலாகிவிடும்.

இனி, எப்படிப் பயிற்சி செய்வது? கணவர் வீட்டில் இருக்கும் நாளில் அவர் செய்முறையை ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் வாசிக்கட்டும். நீங்கள் தாளைப் பார்க்காமல் கேட்டுச் செய்யுங்கள். புரியவில்லை என்றால் தமிழில் கேட்காமல் ‘ஹவ் தின்?’, ‘ஹவ் லாங்?’, ‘லைக் திஸ்?’ என்று கேளுங்கள். இந்தச் சின்னக் கேள்விகள்தான் நாளைக்குக் கடையிலும் பள்ளியிலும் வேலையிடத்திலும் உங்களைக் காப்பாற்றும். அடுத்த தடவை மாற்றிக்கொள்ளுங்கள்: நீங்கள் சொல்லுங்கள், அவர் செய்யட்டும். சொல்வது கேட்பதைவிடக் கடினம், பலனும் அதிகம். தனியாக இருக்கும் நாளில் செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

இரண்டு நாள் கழித்து, செய்முறையைத் திறக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு நினைவுபடுத்திப் பார்ப்பதுதான் நாள்பட நிற்கும் என்பதை 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் செய்த சோதனை தெளிவாகக் காட்டியது. இந்தத் துறையில் நான் முழு நம்பிக்கையோடு சொல்லும் சில விஷயங்களில் இது ஒன்று. பிறகு ஒரு வாரம் விட்டு அதே கிரீன் கறியைச் செய்யாமல் ரெட் கறி செய்யுங்கள், அதற்கடுத்து மஸமன் என்ற இன்னொரு தாய் கறி. விழுது மாறும், உருளைக்கிழங்கும் வேர்க்கடலையும் புளியும் வந்து சேரும். ஆனால் ‘சிம்மர்’, ‘செபரேட்’, ‘டெண்டர்’, ‘ஃப்ரேக்ரன்ட்’ மறுபடியும் வந்து நிற்கும். கொஞ்சம் இடைவெளி விட்டு, கொஞ்சம் வேறு சூழலில் அதே சொல்லைச் சந்திப்பது மிகவும் முக்கியம்.

ஒரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். சமையல் குறிப்பின் ஆங்கிலம் ஒரு தனி நடை. ‘ஆட் டோஃபு. சிம்மர் ஃபைவ் மினிட்ஸ். சர்வ் ஹாட்.’ யார் செய்வது, எதைச் செய்வது எதுவும் இருக்காது. ‘தி’, ‘எ’ எல்லாம் உதிர்ந்திருக்கும். நாம் ஏற்கெனவே அவற்றை விட்டுவிடுகிற ஆட்கள், இந்த நடையில் மட்டும் பழகினால் பேச்சும் அப்படியே துண்டு துண்டாக வரும். இதற்கு மருந்து, சமைத்த கதையைச் சொல்வது. பக்கத்து வீட்டுக்காரரிடமோ, யாரும் இல்லையென்றால் போனில் பதிவு செய்தோ, ‘ஐ ஃப்ரைட் த பேஸ்ட் ஃபர்ஸ்ட், அண்ட் தென் ஐ ஆடெட் த டோஃபு’ என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். இறந்தகாலம், ‘தி’, முன்பின் வரிசை மூன்றுக்கும் பயிற்சி கிடைக்கும். சமையலறையில் வாங்கிய சொல் பேச்சாக மாறுவது இந்தக் கட்டத்தில்தான். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து நீங்கள் விடாதீர்கள்.

இந்த வழியால் ஆகாதவையும் உண்டு. வேலைக்கான நேர்காணலில் பேசுவதற்கோ, பி.காம் படித்த கணக்கியலை ஆங்கிலத்தில் விளக்குவதற்கோ கறி உதவாது. சமையல் சொற்களில் பல அன்றாடப் பேச்சில் அடிக்கடி வருபவையும் அல்ல. கூச்சம் விலகவும், கேட்டதைப் புரிந்து உடனே பதில் சொல்லவும் இது நல்ல தொடக்கம், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டில் குடியேறிய பெரியவர்களுக்காக 1948 முதல் அரசின் இலவச ஆங்கில வகுப்புத் திட்டம் நடக்கிறது, ஏ.எம்.இ.பி. என்பார்கள். உங்கள் விசா வகைக்கு அது உண்டா என்று விசாரித்துச் சேருங்கள், சமையல் கூடவே நடக்கட்டும்.

கடைசியாக, சைவக் கேள்வி. கோழிக்குப் பதில் டோஃபுவும் கத்தரிக்காயும் பீன்ஸும் போட்டால் கறி நன்றாகவே வரும். கவனிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத இரண்டை: மீன் சாஸும், விழுதில் அரைக்கும் இறால் விழுதும். பாட்டிலில் விற்கும் கிரீன் கறி பேஸ்ட் பலவற்றில் இறால் இருக்கும், காய்கறிப் படம் போட்டிருந்தாலும். லேபிளில் ‘கன்டெய்ன்ஸ்’ என்ற சொல்லைத் தேடுங்கள். அதற்குப் பக்கத்தில் ‘ஃபிஷ்’ என்றோ ‘க்ரஸ்டேஷியன்’ என்றோ தடித்த எழுத்தில் இருந்தால் வைத்துவிடுங்கள், இரண்டாவது சொல் இறால், நண்டு இனத்தைக் குறிப்பது. ‘மே கன்டெய்ன்’ என்பது வேறு. சேர்க்கவில்லை, ஆனால் அதே ஆலையில் எங்காவது பட்டிருக்கலாம் என்ற எச்சரிக்கை. ‘யூஸ் பை’ தேதி தாண்டினால் சாப்பிடக் கூடாது, விற்கவும் கூடாது. ‘பெஸ்ட் பிஃபோர்’ தாண்டினால் ருசி குறையலாம் என்றுதான் பொருள். விழுதை வீட்டிலேயே அரைத்தால் இறாலுக்குப் பதில் கொஞ்சம் மிஸோ (ஜப்பானியச் சோயா விழுது), மீன் சாஸுக்குப் பதில் லைட் சோயா சாஸும் உப்பும் போதும். உணவகத்தில் வாங்கும்போது ‘ஐ ஆம் வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் மீன் சாஸ் வந்துவிட வாய்ப்புண்டு. ‘டஸ் திஸ் ஹேவ் எனி ஃபிஷ் சாஸ் ஆர் ஷ்ரிம்ப் பேஸ்ட் இன் இட்?’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பதில் புரியாவிட்டால் ‘சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?’ என்று இன்னொரு முறை கேட்கலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.